கம்மங்கஞ்சி, இட்லி, அப்புறம் என் சுகர்

போன மாசம் ஊருக்குப் போனப்ப கயத்தாறு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில உக்காந்து பொங்கல் வடை சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். மணி பத்தரை. அதுக்கு முந்தி ஏழு மணிக்கே ஒரு காப்பி, ரெண்டு பிஸ்கட் முடிஞ்சிருந்தது. பொங்கல்ல நெய் மிதக்குது, வடையைச் சாம்பார்ல முக்கி ஊற வெச்சிருக்கேன். கை பாட்டுக்கு வேலை பாக்குது, மனசு மட்டும் பைக்குள்ள மடிச்சு வெச்சிருந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே இருக்கு. மூணு மாசச் சராசரிச் சர்க்கரை 7.4. டாக்டர் ரொம்பப் பேசல. "மத்தியானச் சாப்பாட்டை அப்புறம் பாப்போம். மொதல்ல காலையில திங்கிறத மாத்துங்க"ன்னு மட்டும் சொன்னார்.

கயத்தாறுன்னா வெளியூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கட்டபொம்மனைத் தூக்குல போட்ட ஊர். அதைத் தாண்டி இப்போ காத்தாடிகளைச் சொல்லலாம். நாலுவழிச் சாலையில போறவங்க ஜன்னல் வழியா பாத்துட்டுப் போற ராட்சசக் காத்தாடிகள். அதுகளுக்கு அடியில இருக்கிறது கரிசல் மண். என் காலைச் சாப்பாட்டுக் கதையும் அந்த மண்ணுலதான் ஆரம்பிக்குது.

வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். "நாளையிலேர்ந்து காலையில எனக்குக் கம்மங்கஞ்சி போதும்மா. ஆச்சி காலத்துல எல்லாரும் அதைத்தானே குடிச்சீங்க, ஒருத்தருக்கும் சுகர் இல்லையே?"

அம்மா அடுப்புல இருந்து திரும்பிப் பாத்த பார்வை இருக்கே...

"ஏய்யா, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? நெல்லுச்சோறு திங்க வக்கில்லாமத்தான் அதைத் தின்னோம். நீ படிச்சு சம்பாரிச்சும் அதைத்தான் திங்கணுமா?"

அன்னைக்கு ராத்திரியும் இட்லிதான். எனக்குத் தூக்கம் வரல. நான் ஏதோ நம்ம பாரம்பரியத்தை மீட்டெடுக்கிறதா நெனச்சுக்கிட்டிருக்கேன். அம்மாவுக்கு அது தப்பிச்சு வந்த ஜெயிலு மாதிரி. இதுல யார் சொல்றது சரின்னு தெரிஞ்சுக்கத்தான் கையில கிடைச்ச பழைய புத்தகங்களைப் புரட்ட ஆரம்பிச்சேன். அம்மாகிட்டயும் பேச்சுக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்து விஷயத்தைக் கறந்தேன். அதோட விளைவுதான் இந்தக் கட்டுரை.

மொதல்ல மண்ணு. தாமிரபரணித் தண்ணி பாயுற பக்கம் நெல்லு. கயத்தாறு, கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் வானம் பாத்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில விழுற மழையை நம்பி விதைச்சு, தையில அறுப்பாங்க. கம்பு, சோளம், குதிரைவாலி, வரகு, கூடவே உளுந்து, பாசி, பருத்தி. நெல்லு இங்கே விளையாது. காசு கொடுத்துத்தான் வாங்கணும். அதனாலதான் கரிசல்ல அரிசிச் சோத்துக்குத் தனியா ஒரு பேரு, 'நெல்லுச்சோறு'. வெறும் சோறுன்னா கம்மஞ்சோறோ சோளச்சோறோதான். நெல்லுச்சோத்துக்கு மட்டும் அடைமொழி போடணும், ஏன்னா அது விசேஷம். கயத்தாறுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவுல இருக்கிற இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் (2021-ல் மறைந்தார்) எழுத்தைப் படிச்சவங்களுக்கு இதெல்லாம் புதுசா இருக்காது. அந்த மனுசன் கரிசல் வட்டாரச் சொற்களுக்குன்னே தனியா ஒரு அகராதி போட்டவர்.

"நெல்லுச்சோறு எப்பம்மா கிடைக்கும்?"னு கேட்டேன்.

"தீவாளி, பொங்கலு. இல்லன்னா வீட்டுல யாருக்காவது காய்ச்ச வரணும்."

இட்லி? அதுவும் தீபாவளிக்குத்தான். ஊரே மொத நாள் சாயங்காலம் ஆட்டுக்கல்லு முன்னாடி உக்காந்திருக்கும். விடியக்காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு இட்லி திங்கிறதுக்காகவே பிள்ளைங்க வருசம் பூராக் காத்துக் கிடக்கும். இன்னைக்கு நாம வாரத்துல அஞ்சு நாள் இட்லி தோசை தின்னுட்டு 'நம்ம பாரம்பரிய உணவு'ன்னு பெருமைப்படுறோம். பாரம்பரியம்தான், மறுக்கல. பத்தாம் நூற்றாண்டுக் கன்னட வட்டாராதனையிலயும், பன்னிரண்டாம் நூற்றாண்டு மானசோல்லாசத்துலயும் இட்லிக்கு முன்னோடியான பலகாரத்தோட பேரு வருது. ஆனா உணவு வரலாற்றாசிரியர் கே.டி.அச்சயா சொல்றபடி அந்தப் பழைய இட்லி உளுந்து மட்டும் போட்டது. அரிசி சேர்த்து, புளிக்க வெச்சு, ஆவியில வேக வைக்கிற இன்னைய இட்லி அதுக்கப்புறம் வந்தது. வந்ததுக்கப்புறமும் எல்லா வீட்டு அடுப்புக்கும் அது வந்துடல. எங்க ஊரு அடுப்புக்கு தினசரி வந்து அம்பது வருசம்கூட ஆகல.

சரி, மத்த நாள்ல என்ன சாப்பாடு?

இதை அம்மா வாயாலயே கேட்டாத்தான் சரியா வரும். கோழி கூப்பிட எந்திரிக்கணும். கம்புல லேசாத் தண்ணி தெளிச்சுப் பிசிறி, உரல்ல போட்டு உலக்கையால குத்தணும். தவிடு கழண்டு வரும். அதைச் சுளகுல போட்டுப் புடைக்கணும். மறுபடி உரல்ல போட்டு இடிச்சுக் குருணையாக்கணும். பானையில உலைத்தண்ணி கொதிக்கிறப்ப அதைப் போட்டுத் துடுப்பால கிண்டிக்கிட்டே இருக்கணும், விட்டா அடி பிடிச்சுக்கும். சாயங்காலம் சூடா கம்மஞ்சோறு. மிச்சத்தை உருண்டை பிடிச்சுத் தண்ணிக்குள்ள போட்டு வெச்சா விடிஞ்சதும் லேசாப் புளிச்சிருக்கும். அதை மோர் விட்டுக் கரைச்சு உப்புப் போட்டாக் காலைக்கஞ்சி. கடிச்சுக்க சின்ன வெங்காயம், மோர்மிளகாய், சீனியவரை வத்தல். கடல் பக்கத்துல இருந்து கருவாட்டுக்காரம்மா வந்துட்டுப் போயிருந்தா அன்னைக்குச் சுட்ட கருவாடு.

"கையைப் பாரு"ன்னு உள்ளங்கையை நீட்டினாங்க. விரல் அடியில காய்ச்சுப்போன தடம் இன்னும் இருக்கு. கல்யாணம் ஆன புதுசுல எட்டுப் பேருக்குக் கம்பு குத்தினதாம். உலக்கை பிடிச்சது எல்லாம் பொம்பளைங்க. கஞ்சி குடிச்சுட்டு 'ஆகா'ன்னு ஏப்பம் விட்டவங்க ஆம்பளைங்க. இப்போ 'பாரம்பரிய உணவுக்குத் திரும்புவோம்'னு மேடையில பேசுறவங்களும் பெரும்பாலும் ஆம்பளைங்கதான் (என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன், அடிக்க வராதீங்க).

நேரக் கணக்கையும் சொல்லணும். விடிஞ்சதும் யாரும் சாப்பிட மாட்டாங்க. முந்தின நாள் சோத்துல ஊத்தி வெச்ச நீராகாரத்தை ஒரு செம்பு குடிச்சுட்டுக் காட்டுக்குப் போயிடுவாங்க. ரெண்டு மூணு மணி நேரம் களையெடுத்து, ஏர் ஓட்டி முடிச்சு, ஒம்பது பத்து மணிக்கு வீட்டுல இருந்து தூக்குவாளியில கஞ்சி வரும். வேப்பமரத்தடியில உக்காந்து அதைக் குடிப்பாங்க. இங்கிலீஷ்காரன் காலைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் சேர்த்து 'பிரஞ்ச்'னு பேரு வெச்சது 1895-ல். கை பெரிங்கர்னு ஒருத்தர், ஞாயித்துக்கிழமை லேட்டா எந்திரிக்கிறவங்களுக்காகப் பரிந்து பேசி ஒரு பத்திரிகையில எழுதினார். நம்மாளு பத்து மணிக்குச் சாப்பிட்டது லேட்டா எந்திரிச்சதால இல்ல. அதுக்குள்ள பாதி நாள் வேலையை முடிச்சிருப்பான். நானும் பத்தரை மணிக்குத்தான் அந்தப் பொங்கல் வடையைத் தின்னேன். நேரம் மட்டும்தான் ஒண்ணு. எங்க தாத்தா அதுக்கு முந்தி ஒரு குறுக்கம் உழுதிருப்பார். நான் பஸ்ஸுல தூங்கிக்கிட்டு வந்தேன்.

கிழக்கே போனா கதை வேற. தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டுல பனை. சீசன்ல விடியக்காலையில இறக்குன பதநீர்தான் பனையேறி வீட்டுப் பிள்ளைங்களுக்கு வயித்தை நிரப்பும். கடற்கரைக்காரங்களுக்கு விடியக்காலையிலயே கடல்ல வேலை, சோறும் மீன் குழம்பும் கட்டிக்கிட்டுப் போகணும். முத்துக்குளிப்பு நடந்த காலத்துலயும் அப்படித்தான் (கடைசியா பெரிய அளவுல அது நடந்து அறுபது வருசத்துக்கு மேல ஆச்சு). தெற்கே திருநெல்வேலிப் பக்கம் உளுந்தஞ்சோறு. தொலி உளுந்தையும் அரிசியையும் சேர்த்து வேக வெச்சு, வெந்தயம், பூண்டு, தேங்காய் போட்டு, எள்ளுத் துவையலோட திங்கிறது. அதுக்குப் பின்னால வருவேன்.

இப்போ காப்பி. நீராகாரச் செம்பைத் தட்டிவிட்டது காப்பிதான். ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'ன்னு ஒரு புத்தகமே எழுதியிருக்கார். காலையில நீராகாரம் குடிச்ச தமிழ்நாட்டுல காப்பி எப்படி நுழைஞ்சது, அது எப்படி ஒரு அந்தஸ்து ஆச்சுங்கிறதை அதுல படிக்கலாம். கரிசலுக்குக் காப்பியும் லேட், டீ அதைவிட லேட். ஆனா வந்தப்புறம் ரெண்டும் அசையவே இல்ல. எங்க பக்கம் கருப்பட்டிக் காப்பி. அதுக்கும் பின்னால வருவேன்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாச் சொல்லிடணும். 'ஆச்சி காலத்துல யாருக்கும் சுகர் இல்ல'ன்னு அம்மாகிட்ட நான் விட்டேனே, அது அரைகுறை உண்மை. அந்தக் காலத்துல சுகர் யாரு சோதிச்சுப் பாத்தா? அதைவிட முக்கியம், 1940-களில் இந்தியாவுல பிறந்த பிள்ளையோட சராசரி ஆயுளே 32 வயசு போலத்தான் இருந்தது. குழந்தைச் சாவு கூடுதல்ங்கிறதால வந்த சராசரி அது, சரிதான். ஆனாலும் கம்பு தின்னவங்க எல்லாம் இரும்பு மாதிரி நூறு வயசு இருந்தாங்கன்னு சொல்றது பொய். இருந்த கிழவன் கிழவிகளைத்தான் நாம பாத்தோம். இல்லாமப் போனவங்களை நாம பாக்கவே இல்ல.

கஞ்சிங்கிற வார்த்தைக்குள்ளயே ஒரு பயம் இருக்கு. 1876-78 தாது வருசப் பஞ்சத்துல சென்னை மாகாணம் முழுக்க லட்சக்கணக்கான ஜனங்க செத்தாங்க. அரசாங்கம் கஞ்சித்தொட்டி வெச்சுது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு எவ்வளவு கொடுக்கணும்ங்கிறதுல ஒரு பெரிய சண்டையே நடந்தது. செலவைக் குறைக்கணும்னு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877-ல் தீர்மானிச்ச கூலி, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். ஒரு பவுண்டுன்னா 450 கிராம் சொச்சம். ரோட்டுல கல்லு உடைக்கிறவனுக்கு! மாகாணத்தோட சுகாதார கமிஷனரா இருந்த டாக்டர் கார்னிஷ், இது மனுசன் உயிரோட இருக்கவே பத்தாதுன்னு எழுதி எழுதிப் போராடினார். 'இந்த உடம்புக்கு எவ்வளவு சாப்பாடு வேணும்?'ங்கிற கேள்வியை நம்ம ஊர்ல அரசாங்கக் காகிதத்துல வெச்சுச் சண்டை போட்டது அப்போதான். இன்னைக்கு நான் கலோரி கூடிப்போச்சேன்னு எண்ணிக்கிட்டு இருக்கேன். அவங்க கலோரி இல்லாமச் செத்தவங்களை எண்ணிக்கிட்டு இருந்தாங்க.

அப்புறம் ரைஸ் மில்லு வந்தது. உலக்கையில குத்தின அரிசியில தவிடு கொஞ்சமாவது ஒட்டியிருக்கும். மில்லு அதை வழிச்சு எடுத்து மல்லிகைப்பூ மாதிரி ஆக்குச்சு. இதோட விளைவு மொதல்ல தெரிஞ்சது நமக்குக் கிழக்கே, ஜாவாவுல. 1890-களில் எய்க்மன்னு ஒரு டச்சு டாக்டர், தீட்டின அரிசி தின்ன கோழிகள் கால் விளங்காம விழுறதையும், தவிட்டோட இருக்கிற அரிசி கொடுத்தா எந்திரிச்சு நடக்கிறதையும் பாத்தார். பெரிபெரி நோய்க்கு வழி தெரிஞ்சது அங்கேதான். 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது. நம்ம மாகாணத்துல வடக்கே, பச்சரிசி தின்ற ஆந்திரக் கடலோரத்துல பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி தின்ற தமிழ்ப் பக்கம் ரொம்பக் கம்மி. நெல்லை அவிக்கிறப்ப தவிட்டுல இருக்கிற பி1 சத்து கொஞ்சம் அரிசிக்குள்ள இறங்கிடுது, மில்லு தீட்டினாலும் முழுசாப் போகாது. எந்த விஞ்ஞானியும் சொல்லாமலே நம்ம ஆச்சிமார் நெல்லு அவிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. இதுக்கு மட்டும் தாராளமாப் பெருமைப்படலாம்.

குன்னூர்ல 1920-களில் ராபர்ட் மக்காரிசன் செஞ்ச எலி ஆராய்ச்சியைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, மதராஸின்னு ஏழு ஜனங்களோட சாப்பாட்டை ஏழு கூட்டம் எலிகளுக்குப் போட்டு வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறின்னு தின்ன சீக்கிய எலி சராசரியா 235 கிராம். தீட்டின அரிசி, கொஞ்சம் பருப்பு, காப்பின்னு தின்ன மதராஸ் எலி 155 கிராம். கடைசி இடம் நமக்குத்தான்! படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் ரோசமாத்தான் இருந்துச்சு. மதராஸ்காரன்னாலே அரிசி திங்கிறவன்னு எப்படி முடிவு பண்ணினாங்க? அதே காலத்துல கரிசல்காட்டுல பாதி ஜனம் வருசம் பூரா அரிசியைக் கண்ணுல பாக்கல. கம்பும் மோரும் தின்ன எலி எவ்வளவு எடை வந்திருக்கும்னு எனக்கு ஒரு ஆசை.

இன்னொரு ஆளையும் விட முடியாது. தஞ்சாவூர்ல பிறந்த ஜே.சி.குமரப்பா. 1934-ல் காந்தி ஆரம்பிச்ச அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினவர். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், வெல்லம்னு வாழ்நாள் பூராப் பேசினார். கடைசிக் காலத்துல இருந்தது டி.கல்லுப்பட்டியில, கயத்தாறுல இருந்து நூறு கிலோமீட்டருக்குள்ளதான். சத்து போகுது, கிராமத்துக்காரன் வேலையும் போகுதுன்னு ரெண்டையும் சேர்த்துப் பாத்தவர் அவர். சத்தைப் பத்தி அவர் சொன்னதை விஞ்ஞானமும் ஒத்துக்குது. ஆனா எங்க ஊர்ல ரைஸ் மில்லு வந்த அன்னைக்கு எங்க அம்மா மாதிரி பொம்பளைங்க அதைக் கும்பிட்டிருப்பாங்க. "மில்லுக்காரன் நல்லா இருக்கணும்"னு அம்மா இப்பவும் சொல்றாங்க. குமரப்பாவை மதிக்கிறவன் நான். இருந்தாலும் இந்த எடத்துல அம்மா பக்கம்தான்.

கரிசலுக்கு நெல்லுச்சோறு தினசரி எப்போ வந்தது? ஒரே நாள்ல வரல. பர்மா அரிசி கப்பல்ல வந்துக்கிட்டிருந்த காலம் ஒண்ணு இருந்தது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சதும் அது நின்னுபோய், ரேஷன் வந்தது. 1967 தேர்தல்ல ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்னு தி.மு.க. சொன்னது. அரிசியை வெச்சே ஒரு ஆட்சி மாறின மாநிலம் நம்மது. அப்புறம் பசுமைப் புரட்சி, ஊர் ஊருக்கு ரேஷன் கடை. 2008-ல் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூன்ல இருந்து அந்த அரிசியும் இலவசம். ஓசியில அரிசி கிடைக்கிறப்ப எவன் கம்பு குத்துவான்? கம்பு விளைஞ்ச காட்டுல இப்போ மக்காச்சோளம். அதுவும் நமக்கில்ல, நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம். கூடவே உளுந்து. தமிழ்நாட்டு இட்லிக்கெல்லாம் உளுந்து கொடுக்கிற ஜில்லாவுல எங்க தூத்துக்குடியும் ஒண்ணு. கம்பைக் கைவிட்டுட்டு இட்லிக்கு உளுந்து அனுப்புறோம்.

இதைச் சோகக் கதையாச் சொல்றதுல எனக்கு இஷ்டமில்ல. பசி போச்சு. அது சின்ன விஷயமா? இங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல இருக்கிற எட்டயபுரத்துலதான் 1950-களின் நடுவுல காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவா விரிச்சார். காலைச் சாப்பாடு மட்டும் பாக்கி இருந்தது. வெறும் வயித்தோட பள்ளிக்கூடம் வந்து பிரேயர்ல மயங்கி விழுற பிள்ளையை நான் படிக்கிற காலத்துல பாத்திருக்கேன். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில காலை உணவுத் திட்டம் ஆரம்பிச்சது, 1,545 பள்ளிக்கூடங்கள்ல. 2023 ஆகஸ்ட் 25-லிருந்து எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல்னு தினம் ஒண்ணு, கூட காய் போட்ட சாம்பார். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் தானியம், சாம்பாருக்கு 15 கிராம் பருப்புன்னு அளவும் வெச்சாங்க. உள்ளூர்ல விளையுற சிறுதானியத்தையும் சேர்க்கணும்னு அந்தத் திட்டத்துலயே ஒரு வரி இருந்தது. அந்த வரி எங்க கரிசல்ல கம்பு கிச்சடியா தட்டுக்கு வந்தா, மக்காச்சோளக் காட்டுல பாதி மறுபடி கம்பா மாறும்னு நெனைக்கிறேன். வாங்குறவன் இருந்தா விதைக்கிறவன் இருப்பான்.

சரி, என் சுகர்?

கணக்கைப் பாப்போம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட பட்டியல் இருக்கு. (அந்த நிறுவனமே குன்னூர் மக்காரிசன் லேபில இருந்து வளர்ந்து 1958-ல் ஹைதராபாத் போனதுதான்.) அதுபடி 100 கிராம் கம்புல நார்ச்சத்து 11 கிராமுக்கு மேல. தீட்டின பச்சரிசியில 3-க்கும் கீழ. இரும்புச்சத்து கம்புல 6 மில்லிகிராம் சொச்சம், அரிசியில 1-கூட இல்ல. புரதம் கம்புல 11, அரிசியில 8. ஆக, கம்பு ஜெயிக்குது. நார் அதிகம்ங்கிறதால சர்க்கரை ரத்தத்துல மெதுவா ஏறும்.

ஆனா மாவா நைசா அரைச்சு, கூழாக் காய்ச்சி, ரெண்டு சொம்பு குடிச்சா அந்த மெதுவும் போயிடும். ரோட்டோரத் தள்ளுவண்டியில கம்மங்கூழ் குடிச்சுட்டு 'ஹெல்த்தி'ன்னு நெனச்சுக்கிறதும், பாக்கெட்டுல வர்ற 'மில்லட்' பிஸ்கட்டைத் திங்கிறதும் ஏமாத்து. குருணையா இருக்கணும், அளவா இருக்கணும், கூடப் பருப்போ பயறோ முட்டையோ இருக்கணும். ஒரே தானியத்தை மட்டும் நம்புனா எதுவும் ஆபத்துதான். தக்காணத்துல சோளத்தை மட்டுமே தின்ன ஏழைகளுக்குப் பெல்லக்ரா நோய் வந்ததை டாக்டர் கோபாலன் குழு 1960-களில் ஆராய்ஞ்சு எழுதியிருக்கு. சிறுதானியம்னா அமுதம்னு பேசுறவங்க இதைச் சொல்றதில்ல.

பழைய சோத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. ராத்திரி ஊறினா இரும்புச்சத்து 3.4-லிருந்து 73.91 மில்லிகிராம் ஆகுதுன்னு வாட்ஸப்புல வராத நாளில்ல. கொஞ்சம் யோசிங்க. இரும்பு தண்ணியில முளைக்குமா? புளிக்கிறப்ப நடக்கிறது வேற. இரும்பைப் பிடிச்சு வெச்சிருக்கிற பைட்டேட்டுங்கிற சரக்கு உடைஞ்சு, இருக்கிற இரும்பை உடம்பு லேசா எடுத்துக்குது. வயித்துக்கு நல்ல கிருமிகளும் சேருது. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில குடல் நோய்க்காரங்களுக்குப் பழைய சோறு கொடுத்து ஆராய்ச்சியே நடந்திருக்கு. அதுவே நல்ல சேதிதானே, அதுக்கு மேல எதுக்குப் பொய்? ஆனா சுகர்க்காரனுக்கு அதுவும் சோறுதான், அளவு முக்கியம். கருப்பட்டிக் காப்பி விஷயமும் இதேதான். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு, மணமோ மணம். ஆனா சுகர் டெஸ்ட்டுக்குக் கருப்பட்டியும் சீனியும் ஒண்ணுதான். இதைச் சொன்னதுக்கு எங்க சித்தப்பா ஒரு வாரம் என்கூடப் பேசல.

எனக்கு ஒத்துவந்தது உளுந்தஞ்சோறு. அரிசியைப் பாதியாக் குறைச்சு, தொலி உளுந்தைக் கூட்டிப் போட்டா நல்லாவே வருது. கூட எள்ளுத் துவையல். வாரம் ரெண்டு நாள் அது, ரெண்டு நாள் கம்புக் குருணையில காய் போட்ட உப்புமா, ஒரு நாள் முட்டையும் அவிச்ச பாசிப்பயறும். மிச்ச நாள் இட்லிதான், மூணோட எந்திரிச்சிடணும். காப்பியில சீனி இல்ல. மொத வாரம் உலகமே இருண்டு போச்சு, இப்போ பழகிடுச்சு. முக்கியமா, காலைச் சாப்பாட்டுக்கு முந்தி முக்கால் மணி நேரம் நடை. தாத்தா உழுத குறுக்கத்துக்கு ஈடாகாது, ஏதோ நம்மளால முடிஞ்சது.

அம்மாவை எப்படிச் சரிக்கட்டினேன்னு கேப்பீங்க. உரலே வேணாம்னு சொல்லிட்டேன். கோவில்பட்டியில தோல் நீக்கின கம்பாவே கிடைக்குது. அதை வாங்கிட்டு வந்து மிக்ஸியில ரெண்டு சுத்து விட்டு நானே குருணையாக்கி, நானே குக்கர்ல வெச்சேன். ராத்திரி தண்ணியில போட்டு, காலையில மோர் விட்டுக் கரைச்சு, சின்ன வெங்காயம் உரிச்சு வெச்சுட்டுக் கூப்பிட்டேன். அம்மா ரொம்ப நேரம் கிண்ணத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் ஒரு வாய் குடிச்சாங்க.

"உப்புப் பத்தல"ன்னாங்க. உப்புப் போட்டு முழுசாக் குடிச்சாங்க. "குத்தாம குடிச்சா நல்லாத்தான் இருக்கு."

அந்த நேரம் பாத்து வாசல்ல சத்தம். திருநெல்வேலியில இருந்து பெரியம்மா வந்திருக்காங்க. அம்மா படக்குன்னு எந்திரிச்சு, கஞ்சிப் பானையை எடுத்து அடுப்படி மூலையில வெச்சு, மேல ஒரு சுளகைப் போட்டு மூடிட்டு, என் பக்கம் திரும்பி மெதுவாச் சொன்னாங்க.

"அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாத. ஃபிரிட்ஜுல மாவு இருக்கு, இட்லி ஊத்துறேன்."